ஐந்தே நாளில் போன பரு

பதினாறு வயதில் எட்டிப் பார்க்காத பரு எனக்கு 32 வயதில் வந்தது. தாடையோரம் இரண்டு பக்கமும், தொட்டாலே வலிக்கிற ரகம். அம்மாவைக் கேட்டால் எல்லாவற்றுக்கும் ஒரே காரணம், உடம்புச் சூடு. சந்தனக் கல்லில் ஜாதிக்காயை உரசி வழித்துக் கொடுத்து, "பூசிக்கிட்டுப் படுடி, காலையில அமுங்கிடும்" என்பார். காலையில் ஜாதிக்காய் தலையணையில் இருக்கும், பரு அதே இடத்தில் இருக்கும்.

அப்புறம் தம்பி கல்யாணம் வந்தது. பத்திரிகை வைக்கத் திருவையாறு, பாபநாசம் என்று வெயிலில் அலைந்ததில் முகம் இன்னும் மோசம். ஒரு மருந்துக்கடையில், "அண்ணே, பருவுக்கு ஏதாவது குடுங்க" என்றேன். ஒரு ட்யூப் கொடுத்தார். அவர் டாக்டர் சீட்டு கேட்கவில்லை, நானும் எதுவும் கேட்கவில்லை. ஐந்தாம் நாள் பரு அமுங்கி, நிறமும் ஒரு படி கூடியிருந்தது. ஆல்பத்தைப் பார்த்த சித்தி, "என்னடி பூசுற?" என்றார். பெருமையாக ட்யூப் பெயரைச் சொன்னேன். அந்தப் பாவம் இன்னும் என் கணக்கில்தான் இருக்கிறது.

எட்டு மாதம் பூசினேன். இரண்டு நாள் விட்டால் முகம் மிளகாய் அரைத்துத் தடவியது போல எரியும். கன்னத்தில் நூல் நூலாகச் சிவப்பு நரம்பு, காதோரம் பூனைமுடி. பருவும் திரும்பி வந்தது, இந்தத் தடவை நெற்றி முழுக்க ஒரே அளவில், வேர்க்குரு மாதிரி.

தஞ்சாவூரில் பார்த்த தோல் மருத்துவர் என் முகத்தைவிட ட்யூபைத்தான் அதிக நேரம் பார்த்தார். விளக்கடியில் பிடித்து, கசங்கின மடிப்பை நகத்தால் நீவி, பொடி எழுத்தில் இருந்த மூன்று பெயரை வாசித்தார்: ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன். "இந்தக் கடைசிதான் ஸ்டீராய்டு. அஞ்சு நாள்ல உங்கள அழகாக்கினது இதுதான்." வீக்கத்தையும் சிவப்பையும் அது சட்டென்று அடக்கிவிடும். நாள்பட்டால் தோலை மெலிய வைத்து, தானே பருவையும் கிளப்பும். அட்டையில் சிவப்புக் கோடு ஒன்று இருந்தது. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்பதற்கு அடையாளமாம். நான் அதை டிசைன் என்று நினைத்திருந்தேன்.

பரு வருகிற கதையை அவர் சொன்னபோது எனக்கு எங்கள் வாய்க்கால்தான் ஞாபகம் வந்தது. மயிர்க்காலை ஒட்டி எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறது. ஆண்ட்ரஜன் ஹார்மோன் தூண்டினால் எண்ணெய் கூடும். உதிர வேண்டிய தோல் செல்கள் மயிர்க்காலின் வாயை அடைத்துக்கொள்ளும். ஆகாயத்தாமரை மதகை அடைத்தால் தண்ணீர் தேங்குமே, அதேதான். தேங்கின இடத்தில் பாக்டீரியா பெருகி வீங்குகிறது. கரும்புள்ளியின் கறுப்புகூட அழுக்கு இல்லையாம். நான் அதைச் சோப்புப் போட்டுத் தேய்த்த தேய்ப்பு வீண்.

மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா என்று கேட்டார். ஒழுங்கில்லாமல் பருவும் முகத்தில் முடியும் சேர்ந்து வந்தால் நீர்க்கட்டிப் பிரச்சினையா என்று பார்ப்பார்களாம். எனக்கு அது இல்லை. ஆனால் நெற்றிவரை வழிய வழிய நான் வைக்கிற தேங்காய் எண்ணெய்க்குத் தடை விழுந்தது. அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

ஸ்டீராய்டை நிறுத்தின முதல் மாதம் நரகம், அதை விவரிக்கப் போவதில்லை. எரிச்சல் அடங்கினபின் ராத்திரிக்கு அடைப்பை எடுக்கிற அடாபலீன் பூச்சு, 0.1 சதவீதம். பட்டாணி அளவு எடுத்து முகம் முழுக்க மெல்லிசாக. பருவின் தலையில் மட்டும் வைத்தால் பிரயோஜனமில்லை, ஏனென்றால் அடுத்த பரு பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாமல் அடைத்துக்கொண்டிருக்கும். காலையில் பாக்டீரியாவைக் கொல்கிற பென்சாயில் பெராக்சைடு, 2.5 சதவீதம். அது துணியை வெளுக்கும் என்று சொல்லித்தான் அனுப்பினார். நான்தான் மறந்து, முகூர்த்தத்துக்கு வந்த புது மெரூன் துண்டில் முகம் துடைத்தேன். வெள்ளை வெள்ளையாகத் திட்டு.

"எத்தனை நாள் ஆகும் டாக்டர்?"

"பன்னெண்டு வாரம். முதல்ல கொஞ்சம் கூடுற மாதிரி இருக்கும், பயந்து நிறுத்திடாதீங்க."

குறுவை நட்டதிலிருந்து அறுக்கிற வரைக்கும் ஆகிற நாள். கிட்டத்தட்ட அப்படியேதான் ஆனது. பரு நின்றும் கருந்திட்டு மறைய இன்னும் ஆறு மாதம், வெளியே போகும்போதெல்லாம் சன்ஸ்கிரீனோடு.

போன வாரம் சித்தி பெண் வாட்ஸப்பில் முகத்தைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தாள், "அக்கா, என்ன பண்றதுன்னே தெரியல" என்று. ட்யூபின் பின்பக்கத்தை போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன்.