வினைச்சொல்லுக்குப் பின்னே வினையடை: ஆங்கில வாக்கியங்களை இடம் மாற்றிப் படித்த அனுபவம்

தமிழ் வாக்கியம் பெரும்பாலும் வினைமுற்றில் முடிகிறது. ஆகவே எப்படி, எங்கே, எப்போது என்று சொல்லும் சொற்கள் எல்லாம் வினைக்கு முன்பே வந்துவிடுகின்றன. ஆங்கிலத்தில் வினை நடுவிலேயே வந்துவிடுவதால், அதே சொற்களில் பல அதற்குப் பின்னால் வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது. அந்த வரிசையை விதியாக மனப்பாடம் செய்யாமல், அன்றாடப் பேச்சில் வரும் வாக்கியங்களை எடுத்து, வினையடையை ஒவ்வோர் இடைவெளியிலும் வைத்து உரக்கப் படித்து, எது நிற்கிறது, எது விழுகிறது என்று நோட்டுப் புத்தகத்தில் குறித்துவருவது சில மாதங்களாக என் ஓய்வுநேர வேலையாக இருக்கிறது. படித்ததை, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களின் வானொலி உரையாடல்களிலும் பேட்டிகளிலும் காதில் விழுந்தவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே முடிவாக எழுதிக்கொள்கிறேன்.

முதலில் எடுத்துக்கொண்டது 'ஷீ ஓப்பன்ட் த டோர்' என்ற எளிய வாக்கியம். இதில் 'ஸ்லோலி' என்பதைத் தொடக்கத்தில் வைக்கலாம், 'ஓப்பன்ட்' என்பதற்கு முன் வைக்கலாம், கடைசியிலும் வைக்கலாம். 'ஓப்பன்ட்' என்பதற்கும் 'த டோர்' என்பதற்கும் நடுவில் வைத்தால் மட்டும் வாக்கியம் உடைகிறது. வினையடை வினைக்குப் பின் வரும் என்று பொதுவாகச் சொல்லப்படுவது பாதி உண்மைதான் என்பது இங்கே தெளிவாகிவிடுகிறது. வினைக்கு அடுத்த இடம் செயப்படுபொருளுக்கு உரியது. அது அமர்ந்த பிறகே வினையடைக்கு இடம் கிடைக்கிறது. 'ஐ லைக் இட் வெரி மச்' என்பது இயல்பாகவும், 'ஐ லைக் வெரி மச் இட்' என்பது காதுக்கு ஒவ்வாமலும் இருப்பதற்குக் காரணம் இதுவே. செயப்படுபொருள் இல்லாத வினைகளில் இந்தச் சிக்கல் எழுவதில்லை: 'ஹீ ஸ்போக் ஸாஃப்ட்லி', 'த பேபி ஸ்லெப்ட் வெல்'.

இதைவிடச் சுவையானது, அந்த இடைவெளி சில வேளைகளில் திறந்துகொள்வது. 'லுக்' என்னும் வினை 'அட்' என்ற முன்னிடைச்சொல்லோடு வரும்போது, 'ஹீ லுக்ட் குவிக்லி அட் த கிளாக்' என்று நடுவில் வினையடையைத் தாராளமாக வைக்கலாம். 'லிஸன் கேர்ஃபுலி டு மீ' என்பதும் அப்படித்தான். கிட்டத்தட்ட அதே பொருளைத் தரும் வினை, நேரடியான செயப்படுபொருளை ஏற்கும்போது மட்டும் கதவை மூடிக்கொள்கிறது. ஆகவே இங்கே தீர்மானிப்பது பொருள் அல்ல, அமைப்பு. செயப்படுபொருளின் இடத்தில் முழு வாக்கியமே வரும்போதும் நடு இடைவெளி திறக்கிறது: 'ஷீ சேட் ஸாஃப்ட்லி தட் ஷீ வாஸ் டயர்ட்' என்பதில் 'ஸாஃப்ட்லி'யைக் கடைசிக்குத் தள்ளினால், அவள் மெதுவாகச் சொன்னாள் என்ற பொருள் கைநழுவி, அந்தச் சொல் 'டயர்ட்' என்பதோடு ஒட்டிக்கொள்ளப் பார்க்கிறது.

இந்த மூடிய இடைவெளி எல்லா மொழிகளுக்கும் பொது அன்று. பிரெஞ்சு மொழியில் 'அடிக்கடி' என்னும் பொருள்தரும் சொல், வினைக்கும் செயப்படுபொருளுக்கும் நடுவே இயல்பாக அமர்கிறது. மொழியியலாளர் ழான்-இவ் பொல்லாக் 1989-இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரை இதற்குத் தந்த விளக்கம் இது: பிரெஞ்சில் வினை தன் இடத்தைவிட்டு, வினையடையைத் தாண்டி முன்னே நகர்கிறது, ஆங்கிலத்தில் முதன்மை வினை அப்படி நகர்வதில்லை, 'பி' வினையும் துணைவினையாக வரும் 'ஹேவ்' வினையும் மட்டுமே நகர்கின்றன. இதைப் படித்த பிறகு, நோட்டில் தனித்தனியாகக் கிடந்த பல வாக்கியங்களுக்கு ஒரே காரணம் கிடைத்தது. 'ஷீ ஆல்வேஸ் கம்ஸ் லேட்' என்பதில் 'ஆல்வேஸ்' வினைக்கு முன் நிற்கிறது. 'ஷீ இஸ் ஆல்வேஸ் லேட்' என்பதில் அதே சொல் 'இஸ்' என்பதற்குப் பின் போகிறது. 'ஐ ஹேவ் நெவர் சீன் இட்' என்பதில் துணைவினைக்கும் முதன்மை வினைக்கும் இடையில் 'நெவர்' நிற்கிறது. பழைய ஆங்கிலக் கவிதைகளிலும் நாடகங்களிலும் 'ஐ நோ நாட்' (எனக்குத் தெரியாது) என்று வினை 'நாட்' என்பதற்கு முன்னே வருவதும், ஒரு காலத்தில் அங்கும் முதன்மை வினை நகர்ந்ததன் சுவடுதான். இலக்கணத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இத்தகைய விளக்கமே. விதிவிலக்கு என்று ஒதுக்கப்பட்டவற்றை அது மீண்டும் ஒரே குடும்பத்தில் சேர்த்துவிடுகிறது.

வினையடைகள் ஒன்றுக்கு மேல் வரும்போது எப்படி, எங்கே, எப்போது என்ற வரிசை பெரும்பாலும் பொருந்துகிறது: 'ஷீ வொர்க்ட் குவயட்லி அட் ஹோம் யெஸ்டர்டே'. 'கோ', 'கம்' போன்ற போக்குவரவு வினைகளில் சேருமிடம் வினையை ஒட்டி வருவதே வழக்கம்: 'ஹீ வென்ட் ஹோம் குவிக்லி'.

உரக்கப் படிப்பதன் பயன் ஓசையில் தெரிந்தது. ஆங்கில வாக்கியத்தில் அழுத்தம் பொதுவாகக் கடைசி முக்கியச் சொல்லின்மேல் விழுகிறது. 'ஷீ ஓப்பன்ட் த டோர் ஸ்லோலி' என்றால் மெதுவாக என்பதே செய்தி. 'ஷீ ஸ்லோலி ஓப்பன்ட் த டோர்' என்றால் கதவுக்கே அழுத்தம், மெதுவு பின்னணிக்குப் போய்விடுகிறது. இலக்கணம் இரண்டு இடங்களை அனுமதிக்கும்போது, எதைப் புதிய செய்தியாகச் சொல்ல விரும்புகிறோம் என்பதைக் கொண்டே இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் கருத்து. 'ஃபாஸ்ட்', 'ஹார்ட்', 'வெல்', 'ஏர்லி' போன்றவற்றில் அந்தத் தேர்வுக்கும் இடமில்லை. செய்வினை வாக்கியத்தில் அவை வினைக்குப் பின்தான் வரும். 'ஹீ ஃபாஸ்ட் ரன்ஸ்' என்று எவரும் பேசுவதில்லை.

இப்போது நோட்டில் சேர்ந்துகொண்டிருப்பவை, இடம் மாறும்போது பொருளும் மாறிவிடும் வாக்கியங்கள். 'ஹீ ஆன்ஸர்ட் த கொஸ்சின்ஸ் ஃபூலிஷ்லி' என்றால் அவன் தந்த விடைகள் முட்டாள்தனமானவை. 'ஹீ ஃபூலிஷ்லி ஆன்ஸர்ட் த கொஸ்சின்ஸ்' என்றால் விடைகள் சரியாகவே இருந்திருக்கலாம், விடை சொல்ல முன்வந்ததுதான் முட்டாள்தனம். 'நேச்சுரலி', 'க்ளியர்லி', 'ஹானஸ்ட்லி' ஆகியவையும் இப்படியே நடந்துகொள்கின்றன: 'ஹீ ஸ்போக் க்ளியர்லி' என்பது பேச்சின் தெளிவைச் சொல்கிறது, 'க்ளியர்லி, ஹீ ஸ்போக்' என்பது அவன் பேசினான் என்பதில் ஐயமில்லை என்கிறது.