பத்தரை மணிக் கையெழுத்து

கடலூர் கேப்பர் மலையில் இருக்கும் மத்திய சிறையிலிருந்து ஜாமீனில் வருகிறவர்கள் பெரும்பாலும் பொழுது சாய்ந்த பிறகே வாசலைத் தாண்டுவார்கள். நீதிமன்றத்தில் ஜாமீன்தாரர்களின் காகிதங்களைப் பார்த்து முடிக்க வேண்டும். உத்தரவு சிறைக்கு வந்து சேர வேண்டும். வேறு வழக்கு ஏதாவது நிலுவையில் இருக்கிறதா என்று பதிவேட்டைப் புரட்ட வேண்டும். உள்ளே போகும்போது ஒப்படைத்த பொருள்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதற்குள் இருட்டிவிடும். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதில் ஒரு சட்டை, உயிரில்லாத போன், நாலாக மடித்த விடுதலைத் தாள். அங்கிருந்து திருப்பாதிரிப்புலியூர் பேருந்து நிலையம் நடந்து போகிற தூரமில்லை.

அந்தச் சாயங்காலம் யார் வந்து நிற்கிறார்கள் என்பதை, அவருக்கு உதவுகிற நாம் முன்கூட்டியே முடிவு செய்துவிட வேண்டும். பழைய கூட்டாளி வந்து நின்றால் வண்டி நேராகப் புதுச்சேரிப் பக்கம் திரும்பும். மாதக்கணக்கில் குடிக்காமல் இருந்த உடம்பு பழைய அளவைத் தாங்காது என்பதை வெளியே வருகிறவரிடமும் குடும்பத்திடமும் வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது. அக்காவோ மாமாவோ ஒரு ஆள் வந்து, வழியில் எங்கும் இறங்காமல் வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சோறு போட்டால் முதல் நாள் தாண்டிவிடும்.

மறுநாள் காலையில் தொடங்குவது போன் நம்பரின் கதை. உள்ளே இருந்த காலத்தில் ரீசார்ஜ் செய்ய ஆளில்லாமல் பழைய எண் ரத்தாகியிருக்கும்; சில சமயம் வேறு யாருக்கோ போயிருக்கும். ஆதாரிலும் வங்கிக் கணக்கிலும் இருப்பது அந்தப் பழைய எண்தான். ஓடிபி எங்கேயோ போய் விழும். இதில் வரிசை மாறினால் அலைச்சல் இரட்டிப்பாகும். முதலில் சொந்தப் பெயரில் புது சிம். மனைவி பெயரிலோ தம்பி பெயரிலோ வாங்கினால் பின்னால் சிக்கல் வரும். அடுத்து ஆதார் மையத்துக்கு நேரில் போய் அந்த எண்ணைச் சேர்க்க வேண்டும். எண் மாற்றத்துக்கு வேறு ஆவணம் கேட்க மாட்டார்கள், கைரேகை போதும். கொத்து வேலை செய்தவர்களுக்கும் வலை இழுத்தவர்களுக்கும் ரேகை தேய்ந்திருக்கும். மிஷின் இரண்டு முறை ஏற்காவிட்டால் 'கண்ணு வச்சுப் பாருங்க சார்' என்று கருவிழிப் பதிவைக் கேட்கலாம். இது தெரியாமல் திரும்பி வருகிறவர்கள் நிறைய. அதற்குப் பிறகுதான் வங்கி. 2 ஆண்டுக்கு மேல் வரவு செலவு இல்லாத சேமிப்புக் கணக்கைச் செயலற்றது என்று ஒதுக்கிவிடுவார்கள். பணம் எங்கும் போகாது. ஆதாரோடு கிளைக்குப் போய் எழுதிக் கொடுத்தால் மறுபடி இயங்கும், அதற்குக் கட்டணம் கிடையாது. ரேஷன் அட்டையில் பெயர் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஓட்டுநராக இருந்தவர் என்றால் லைசென்ஸின் தேதியை உடனே பாருங்கள். காலாவதியாகி 1 ஆண்டு தாண்டிவிட்டால் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டியிருக்கும்.

இவ்வளவும் முடிய வாரக்கணக்கில் ஆகும். ஆனால் உண்மையில் ஒருவரை உடைப்பது இந்த அலைச்சலைவிட, ஜாமீன் உத்தரவில் இருக்கும் ஒரு வரி. 'மறு உத்தரவு வரும் வரை தினமும் காலை 10.30 மணிக்குக் காவல் நிலையத்தில் ஆஜராகிக் கையெழுத்திட வேண்டும்.'

இந்தப் பத்தரை மணியை ஒரு கூலித் தொழிலாளியின் கடிகாரத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மேஸ்திரிகள் ஆள் எடுக்கும் இடத்தில் கொத்தனாரும் சித்தாளும் காலை 7 மணிக்கு நிற்பார்கள். எட்டரைக்கெல்லாம் இடம் காலி. பத்தரைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு 11 மணிக்கு வருகிறவனுக்கு எந்த மேஸ்திரி வேலை தருவார்? தேவனாம்பட்டினத்திலோ தாழங்குடாவிலோ பைபர் படகில் விடியுமுன் போகிறவர் பத்தரைக்குக் கரையில் இருப்பார் என்று சொல்ல முடியாது. கடல் நேரம் பார்த்து ஆளை விடுவதில்லை. விசைப்படகில் பல நாள் கடலிலேயே தங்கும் தங்கல் தொழிலுக்குப் போவதென்றால் பேச்சே இல்லை. ஆக, சட்டத்துக்குக் கட்டுப்பட்டு நடக்கிறவனுக்குக் கூலி இல்லை, கூலிக்குப் போகிறவன் நிபந்தனையை மீறியவன். பத்து நாள் பொறுப்பார், இருபது நாள் பொறுப்பார். பிறகு கையெழுத்தை விடுவார். 'இவனெல்லாம் திருந்த மாட்டான்' என்று ஊர் சொல்லும்போது அதற்குப் பின்னால் பல நேரம் இருப்பது இந்த ஒரு வரிதான்.

இதற்கு வழி இருக்கிறது. 'மறு உத்தரவு வரும் வரை' என்றால் மறு உத்தரவு கேட்டால்தான் வரும், தானாக முடியாது. ஒரு மாதம் போட்டாச்சு, போதும் என்று நினைத்து நிறுத்துவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. சில வாரம் ஒழுங்காகக் கையெழுத்துப் போட்ட பிறகு, ஜாமீன் கொடுத்த நீதிமன்றத்திலேயே நிபந்தனைத் தளர்வு மனு போட வேண்டும். மனுவில் 'ஏழை, குடும்பம் கஷ்டப்படுகிறது' என்று மட்டும் எழுதினால் பலன் குறைவு. வேலை எங்கே, எத்தனை மணிக்கு ஆள் எடுக்கிறார்கள், வீட்டிலிருந்து ஸ்டேஷன் எத்தனை கிலோமீட்டர், எந்தப் பேருந்து, ஒரு நாள் கூலி எவ்வளவு என்று எழுத வேண்டும். எடுத்த எடுப்பில் முழுவதும் ரத்து கேட்பதைவிட, சாயங்காலம் 6 மணிக்கு மாற்றச் சொல்லியோ, வாரம் ஒரு நாள் என்று ஆக்கச் சொல்லியோ, வீட்டுக்குப் பக்கத்து ஸ்டேஷனுக்கு மாற்றச் சொல்லியோ கேட்டால் கிடைக்கிற வாய்ப்பு அதிகம்.

கடலூரில் இதற்கு ஒரு தனிச் சிக்கலும் உண்டு. பாகூர், கிருமாம்பாக்கம் பக்கத்து ஊர்கள் புதுச்சேரியைச் சேர்ந்தவை, ஆனால் வேலைக்கும் சந்தைக்கும் கடலூர்தான் கிட்ட. வழக்கு தமிழ்நாட்டில், வீடு புதுச்சேரியில், ரேஷன் அட்டை அந்த அரசுடையது, நன்னடத்தை அலுவலர் எந்தப் பக்கம் என்று இரண்டு இடத்திலும் கேட்பார்கள். இரண்டு பகுதிக்கும் உயர் நீதிமன்றம் ஒன்றே, சென்னை என்பது ஒரு வசதி. முள்ளோடை வழியாகத் தினமும் எல்லை தாண்டுகிறவர் பையில் யாருக்காகவும் ஒரு பாட்டில்கூட வாங்கி வரக் கூடாது. புது வழக்கோடு பழைய ஜாமீனும் ஆட்டம் காணும்.

கையெழுத்துப் போடும் நாள்களில் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளச் சொல்வது நல்ல பழக்கம். தேதி, போய்ச் சேர்ந்த நேரம், பணியில் இருந்த ஏட்டையா யார், அவ்வளவுதான். ஸ்டேஷன் பதிவேடு ஸ்டேஷனில்தான் இருக்கும். மூன்று மாதம் கழித்து 'இந்த நாலு நாள் வரலை' என்று பேச்சு வந்தால் அந்த நோட்டும், அன்றைய பேருந்துச் சீட்டும் வக்கீலுக்குக் கைகொடுக்கும்.

இன்னொரு பள்ளம், வேறு ஊர்க் கோர்ட்டில் கிடக்கும் பழைய வழக்கு. பண்ருட்டியிலோ விருத்தாசலத்திலோ ஒரு வாய்தாவுக்குப் போகாமல் விட்டிருப்பார், பிடிவாரண்ட் ஆகியிருக்கும். அது தெரியாமல் வெளியே வந்து, வேலை பிடித்து, ஒரு மாதம் கழித்து வீட்டு வாசலில் போலீஸ் நிற்கும்போது அந்தக் குடும்பத்தின் நம்பிக்கை அப்படியே சரிந்துவிடும். விடுதலைக்கு முன்பே, நீதிமன்ற வழக்குகளின் நிலையைப் பார்க்கும் இ-கோர்ட்ஸ் செயலியில் தேட வேண்டும். பெயரை வைத்துத் தேடினால் எழுத்துக்கூட்டல் ஏமாற்றும். ஒரே முருகனை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதியிருப்பார்கள். காவல் நிலையம், குற்ற எண், ஆண்டு மூன்றையும் கொடுத்தால் சரியாக விழும். ஒவ்வொரு வழக்குக்கும் உள்ள 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைத் தனித்தாளில் எழுதிக் கொடுங்கள். வாரண்ட் இருந்தால் வக்கீலோடு தானாகவே ஆஜராகி, ரத்து செய்யக் கோரி மனு கொடுப்பது, பிடித்துக்கொண்டு போய் நிறுத்தப்படுவதைவிட எவ்வளவோ மேல். காவலில் இருக்கும்வரை வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கிடைக்கும். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் அந்த உரிமையைத் தருகிறது. வெளியே வந்துவிட்டால் வருமான வரம்பு போன்ற கேள்விகள் வரும். அதனால் மனுக்களை உள்ளே இருக்கும்போதே தொடங்கிவிடுவது புத்திசாலித்தனம். உதவி எண் 15100.

ஜாமீன் கிடைத்தும் ஜாமீன்தாரர் இல்லாமல் உள்ளேயே கிடப்பவர்களும் உண்டு. உத்தரவான 7 நாளில் ஆள் வெளியே வரவில்லை என்றால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. குடும்பத்தார் இதைக் கேட்டு வாங்க வேண்டும். கூச்சப்பட வேண்டியதில்லை.

காசநோய் மாத்திரை எடுக்கிறவர் என்றால் இன்னும் அவசரம். 6 மாதச் சிகிச்சையில் நடுவில் வெளியே வந்தால் மாத்திரை நின்றுபோகும். நிக்ஷய் எண்ணும் (காசநோயாளிகளுக்கான அரசுப் பதிவு எண்), சிகிச்சை அட்டையும், சில நாளுக்கான மாத்திரையும் கையில் இருக்க வேண்டும். மறுநாளே பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிய வேண்டும்.

எந்த மாதம் வெளியே வருகிறார் என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போது விசைப்படகில் ஆளுக்கு வேலை இருக்காது. அதே மாதங்களில் பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் ஓடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கட்டட வேலை நின்றுபோகும். சிப்காட் கம்பெனிகளில் ஒப்பந்த வேலைக்குக் காவல்துறைச் சரிபார்ப்புச் சான்று கேட்டால் அங்கேயே கதவு மூடிக்கொள்ளும். அதை மறைத்துச் சேர்ந்து பின்னால் தெரியவந்தால் அவமானத்தோடு வெளியேற வேண்டிவரும். தெரிந்த மேஸ்திரி, தெரிந்த படகுக்காரர், 'அவன் கதை எனக்குத் தெரியும், வரச் சொல்லு' என்று சொல்லக்கூடிய ஒரு ஆள் கிடைத்தால் அதுவே நிலைக்கும்.

பாதிக்கப்பட்டவர்களின் வீடு அதே தெருவில் இருந்தால் முதல் சில மாதம் வேறு ஊரில் உறவினர் வீட்டில் தங்குவது இரண்டு பக்கத்துக்கும் நல்லது. அவர்களுடைய காயத்துக்கு மரியாதை கொடுக்காமல் நாம் இவருக்காகப் பேசக் கூடாது. பெண்கள் திரும்பி வரும்போது நிலைமை இன்னும் கடினம். பிறந்த வீடும் புகுந்த வீடும் திறக்காவிட்டால் பெண்களுக்கான 181 உதவி எண்ணில் தங்கும் இடத்துக்கு வழி கேட்க வேண்டும். அதையும் விடுதலைக்கு முன்பே செய்துவிட வேண்டும்.

வீட்டில் பிள்ளைகளிடம் 'அப்பா துபாய்ல இருக்காரு' என்று சொல்லி வைத்திருப்பார்கள். பள்ளிக்கூடத்தில் யாராவது ஒருவர் உண்மையைச் சொல்லியிருப்பார்கள். பிள்ளை வீட்டில் கேட்காமல் இருக்கும். வருவதற்கு ஒரு வாரம் முன்பு அம்மாவோ பாட்டியோ பிள்ளையை உட்காரவைத்து, வயதுக்கு ஏற்றபடி உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். 'அப்பா ஒரு தப்புப் பண்ணிட்டாரு, ஜெயில்ல இருந்தாரு, வெள்ளிக்கிழமை வர்றாரு.' இவ்வளவு போதும். இல்லாவிட்டால் பிளாஸ்டிக் பையோடு உள்ளே நுழைகிறவரிடம் அந்தப் பிள்ளை துபாய்ச் சாக்லேட்டைத்தான் முதலில் கேட்கும்.