தூங்கும் பாவை

கைப்பாவைக்கு ஓடவும் ஆடவும் சண்டை போடவும் சீக்கிரம் கற்றுக்கொடுத்துவிடலாம். தூங்கவைப்பதுதான் கஷ்டம். புதுச்சேரியிலும் கடலூரிலும் பள்ளி பள்ளியாக ஆட்டம் போட்ட வருடங்களில் நான் அதிகம் பழகியது அதைத்தான்.

எங்கள் பாவைகளின் தலை காகிதக்கூழில் செய்தது. வரைந்த கண் மூடாது. கையை அசைக்காமல் வைத்தால் முன்வரிசையிலிருந்து "செத்துப்போச்சா?" என்று ஒரு குழந்தை கேட்டுவிடும். நிஜமான பயத்தோடுதான் கேட்கும். அதனால் தலையைச் சாய்த்தபிறகும் மணிக்கட்டு மெல்ல ஏறி இறங்க வேண்டும். பாவை ஓய்வெடுக்கும் நேரத்தில்தான் ஆட்டுபவரின் கை அதிகம் வலிக்கும்.

இதை யோசிக்கும்போதெல்லாம் 'கிறிஸ்துமஸ் ஈவ் ஆன் செசமி ஸ்ட்ரீட்' நினைவுக்கு வரும். 'செசமி ஸ்ட்ரீட்' என்ற குழந்தைகளுக்கான பாவைத் தொடருக்காக, 1978 டிசம்பர் 3 அன்று அமெரிக்காவின் பிபிஎஸ் தொலைக்காட்சியில் வந்த சிறப்பு நிகழ்ச்சி. இவ்வளவு ஒடுக்கமான புகைபோக்கியில் கிறிஸ்துமஸ் தாத்தா எப்படி இறங்குவார் என்ற கவலை, பிக் பேர்ட் என்ற மஞ்சள் பறவைக்கு. பார்த்தே தீருவதென்று மொட்டைமாடியில் பனியில் காத்திருந்து, அப்படியே கண்ணயர்ந்துவிடும். எட்டடி இரண்டு அங்குலப் பறவை அது. உள்ளே ஒரே மனிதர், கரோல் ஸ்பின்னி. தலைக்கு மேல் தூக்கிய அவரது வலக்கைதான் பறவையின் தலை. இமைகளை இயக்குவது அந்தக் கையின் சுண்டுவிரல். பறவையின் வலது சிறகை இடது சிறகோடு தங்கூசி நரம்பு இணைத்திருக்கும். ஒன்று இறங்கினால் மற்றது ஏறும். உள்ளிருந்து வெளியே பார்க்க முடியாது, மார்பில் கட்டிய சின்ன டிவி திரைதான் கண். கையைத் தூக்கியபடியே ஒரு மனிதர் இன்னொரு உயிரைத் தூங்கவைக்கிறார்! பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். நம் பொம்மலாட்டக்காரர்களும் தலையில் மாட்டிய இரும்பு வளையத்தில் கயிறுகளைக் கட்டித்தான் ஆட்டுகிறார்கள். பாவைக்கு உடம்பையே கொடுப்பது இங்கேயும் பழைய வழக்கம்.

கனவுக் காட்சி இன்னும் கடினம். மீனவக் குப்பத்துப் பிள்ளைகளுக்காக நாங்கள் கட்டிய கதையில் ஒரு பையன் தூங்குகிறான்; அப்பாவின் படகு வானத்தில் பறக்கிறது. இடக்கையில் பையன், வலக்கையில் படகு, இரண்டையும் ஆட்டுவது ஒரே ஆள். படகு வேகமெடுத்தால் பையனின் மூச்சும் கூடவே வேகமெடுக்கப் பார்க்கும். அதை அடக்கிவைப்பதுதான் எங்கள் ஒத்திகையில் பெரும்பகுதி. புகை, நீல விளக்கு என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அவை தேவையென்று தோன்றியதில்லை. இடக்கை நிதானமாக இருந்தால், வலக்கையில் நடப்பது கனவு என்று மூன்று வயதுக் குழந்தைக்கும் புரிந்துவிடுகிறது.

பையன் விழித்துச் சுற்றிலும் பார்ப்பான். அவனுக்கு எதுவும் நினைவிருக்காது என்று பிள்ளைகளே முடிவு செய்துகொள்வார்கள். "டேய், உங்கப்பா போட்டு பறந்துச்சுடா!" என்று எழுந்து நின்று கத்துவார்கள். ஒருவன் எந்தப் பக்கமாகப் பறந்தது என்று கையைக் காட்டுவான், இன்னொருத்தி அது தப்பு என்பாள். அவர்கள் சொல்லி முடிக்கும்வரை பாவை கேட்டுக்கொண்டிருக்கும். அந்த இடத்துக்கு நாங்கள் வசனமே எழுதுவதில்லை.