பஸ் சீட்டுக்கு அடியில் ஒரு பை: எங்கள் இரண்டு நிமிட த்ரில்லரும் வைவாவும்

விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) கடைசி வருட ப்ராக்டிகலுக்கு ஒரு த்ரில்லர் படத்தின் ஓப்பனிங் எடுத்துக் கொடுக்க வேண்டும். டைட்டிலோடு சேர்த்து 2 நிமிடம், அதற்கு மேல் ஒரு ஃப்ரேம் கூடாது. முழுக் குறும்படம் இல்லை, தொடக்கம் மட்டும். எங்கள் சார் இந்தப் பயிற்சியை இங்கிலாந்திலிருந்து எடுத்திருந்தார். அங்கே ஓசிஆர் என்கிற தேர்வு வாரியம், மீடியா ஸ்டடீஸ் படிக்கும் மாணவர்களுக்குப் பல வருடம் இதையே வைத்திருந்தது. எடுத்து முடித்ததும் ஏழு கேள்விகளுக்குப் பதில் எழுத வேண்டும். அதில் இரண்டு: உங்கள் ஆடியன்ஸ் யார்? அவர்களை எப்படி ஈர்த்தீர்கள்?

எங்கள் வைவாவும் (வாய்மொழித் தேர்வு) இந்த இரண்டைச் சுற்றியேதான் ஓடியது. கேமரா, லைட்டிங் பற்றி யூடியூபில் கொட்டிக் கிடக்கிறது. இந்த இரண்டு கேள்வியில் நாங்கள் அடிபட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். இந்த வருடம் ப்ராஜெக்ட் செய்கிறவர்களுக்கு உதவும்.

எல்லா பேட்சும் எடுக்கிற படத்தைத்தான் நாங்களும் முதலில் எடுத்தோம். ஒரு பெண் ஓடுகிறாள், பின்னால் ஹூடி போட்ட ஒருத்தன், கையில் கத்தி. இடம் பாண்டி ஒயிட் டவுன். மஞ்சள் சுவர், காகிதப்பூ, வெள்ளை ஜன்னல். அதற்கு முன்னால் 20 விநாடி கடற்கரைச் சாலையில் ட்ரைபாட் போட்டு எடுத்த சூரிய உதயம், அதன் மேல் எங்கள் நாலு பேர் பெயரும் மெதுவாக வந்து மெதுவாகப் போகும். ரிவ்யூவில் சார் கடைசி வரை பார்த்துவிட்டுக் கேட்டார்:

"யாருக்காக எடுத்தீங்க?"

"எல்லாருக்கும் சார்."

"கடலூர் பஸ் ஸ்டாண்டுல பரோட்டா போடறவருக்குமா?"

"ஆமா சார்."

"அந்தத் தெருவுல ஒரு பொண்ணு ஓடினா அவரு இன்னா நெனப்பாரு? கல்யாண போட்டோ ஷூட்டுன்னு நெனப்பாரு."

க்ளாஸே சிரித்தது. அவர் சொன்னதில் தப்பே இல்லை. சனி, ஞாயிறில் அந்தத் தெருக்களில் பத்தடிக்கு ஒரு ஜோடி கேமராவுக்கு முன்னால் நிற்கிறது. வெளியூர்க்காரருக்கு அது அழகான இடம், உள்ளூர்க்காரருக்கு ஷூட்டிங் ஸ்பாட். இரண்டு பேருக்குமே அங்கே பயம் வராது.

எனக்கு ஊர் கடலூர் ஓ.டி. (ஓல்ட் டவுன்). மூன்று வருடமும் பஸ்ஸில்தான் பாண்டிக்குப் போய் வந்தேன். சுமார் 25 கிலோமீட்டர் ரூட். இந்த ரூட்டில் போய் வருகிறவர்களுக்கு ஒரு விஷயத்தை விளக்கவே வேண்டாம். பாண்டியில் சரக்கு விலை குறைவு. அதனால் கடலூர் வரும் பஸ்ஸை ஆல்பேட்டை செக்போஸ்ட்டில் நிறுத்தி ஏறிப் பார்ப்பார்கள். டார்ச் அடித்து சீட்டுக்கு அடியில் பார்த்து, "யாருது இது?" என்று கேட்கும்போது பஸ்ஸே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளும். பை அனாதையாக நிற்கும். இதை எத்தனை முறை பார்த்திருக்கிறேன் என்று கணக்கே இல்லை. ஆனால் கதை தேடும்போது இது என் கண்ணில் படவில்லை. ஹூடிதான் பட்டது.

புதுக் கதை இவ்வளவுதான். ராத்திரி பஸ். ஒரு காலேஜ் பையன் உட்கார்ந்திருக்கிறான். அவன் சீட்டுக்கு அடியில் ஒரு ரெக்ஸின் பை. அதிலிருந்து ஏதோ சொட்டி அவன் செருப்பு வாரில் விழுகிறது. காலை இழுத்துக்கொள்கிறான். பஸ் வேகம் குறைகிறது. காக்கிச் சட்டைக் கை ஒன்று டார்ச்சோடு வரிசை வரிசையாக வருகிறது. பைக்குள் போன் அடிக்கிறது. கட். "யாருது?" என்று டைட்டில்.

ஹிட்ச்காக் சொன்ன மேஜைக்கு அடியில் வெடிகுண்டு உதாரணத்தை எல்லோரும் படித்திருப்பீர்கள். குண்டு இருப்பது பார்ப்பவருக்கு முன்பே தெரிந்தால், மேஜையில் நடக்கும் சாதாரணப் பேச்சே பதற்றமாகிவிடும். தெரியாமல் வெடித்தால் சில விநாடி அதிர்ச்சியோடு சரி. எங்கள் கதையில் ஒரு வசதி, குண்டை நாங்கள் வைக்க வேண்டியிருக்கவில்லை. கடலூர்க்காரர் பையைப் பார்த்ததும் "ஆ, சரக்கு" என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்வார். தெரிந்த விஷயம் என்று கொஞ்சம் சாய்ந்தும் உட்காருவார். அப்போது உள்ளே போன் அடிக்கும். சரக்குப் பைக்குள் ஏன் போன்? அவருடைய கணக்கு அவர் கண்ணெதிரே தப்பாகும் அந்த இடத்தில்தான் ஆள் நம் பக்கம் வருகிறார். ரோலண்ட் பார்த் 1970-இல் எழுதிய ஐந்து குறியீடுகளில் புதிர்க் குறியீடு (பதில் சொல்லாமல் கேள்வியைத் தொங்க விடுவது) என்று வருகிறதே, அதை வைவாவில் ஒப்பிக்காமல் இந்த போனை வைத்துச் சொன்னேன். எக்ஸ்டெர்னல் எக்ஸாமினர் தலையாட்டினார்.

ஆனால் இதே பலம்தான் பலவீனமும். ஹாஸ்டலில் தேனிக்காரன் ஒருவனுக்குப் போட்டுக் காட்டினோம். "போலீஸப் பாத்து இவன் எதுக்குப் பதறுறான்? பை என்னுது இல்லன்னு சொல்ல வேண்டியதுதான?" என்றான். அவனுக்கு ஆல்பேட்டையும் தெரியாது, விலை வித்தியாசமும் தெரியாது. வாய்ஸ் ஓவர் வைக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது, நல்லவேளை வைக்கவில்லை. பதிலாக மூன்று விநாடிக்கு ஒரே ஒரு ஷாட் சேர்த்தோம். முன் சீட்டில் ஒரு பெரியவர், செக்போஸ்ட் விளக்கு தெரிந்ததும், மடியில் இருந்த பாட்டிலைத் துண்டில் சுற்றி இடுப்பில் செருகிக்கொள்கிறார். அவ்வளவுதான். தேனிக்காரனுக்குப் புரிந்துவிட்டது, கடலூர்க்காரன் சிரித்தான். முதன்மை ஆடியன்ஸ் யார், இரண்டாம் நிலை ஆடியன்ஸ் யார், இருவரையும் எப்படிக் கையாண்டீர்கள் என்று கேட்டால் சொல்வதற்கு எங்களிடம் அந்த மூன்று விநாடி இருந்தது. உங்கள் படத்திலும் அப்படி ஒரு ஷாட் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

ரெக்கார்டில் ஆடியன்ஸ் பற்றி எழுதும்போது ஒரு கோமாளித்தனம் செய்தோம். "16 முதல் 25 வயது" என்று மேலே எழுதிவிட்டு, கீழே சென்சார் சான்றிதழ் "ஏ" என்று போட்டிருந்தோம், பெரிய படம் மாதிரி தெரியட்டும் என்று. ஏ என்றால் 18 வயதுக்குக் கீழே தியேட்டருக்குள்ளேயே விட மாட்டார்கள். எங்கள் ஆடியன்ஸில் ஒரு பகுதியை நாங்களே வாசலில் நிறுத்திவிட்டோம். 2024-இலிருந்து யூஏ மூன்றாகப் பிரிந்திருக்கிறது: 7+, 13+, 16+. எங்களுக்கு யூஏ 16+ சரியாக வந்தது. இன்னொன்று, ஹீரோ சிகரெட் பற்ற வைப்பது போல ஆரம்பிக்காதீர்கள். சினிமா விதிப்படி அந்தக் காட்சியில் திரையின் கீழே எச்சரிக்கை வாசகம் வர வேண்டும், கண் எல்லாம் அங்கேதான் போகும். 2 நிமிடத்தில் அதற்கெல்லாம் இடம் கிடையாது.

ஓடுகிற பஸ்ஸில் எடுக்க யாரும் விடவில்லை. நண்பனின் அப்பாவுக்குத் தெரிந்த ஒருவரின் தனியார் பஸ் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஷெட்டில் நிற்கும், அதில்தான் எடுத்தோம். பின்னால் ஏணியில் இரண்டு பேர் தொற்றிக்கொண்டு குதிக்க, பஸ் குலுங்கும். வெளியே ஒருவன் எல்இடி டார்ச்சைத் தோளுக்கு மேல் பிடித்துக்கொண்டு ஜன்னலோரமாக ஓடுவான், உள்ளே தெருவிளக்கு கடந்து போவது போல வெளிச்சம் நகரும். முதல் நாள் எடுத்த முழுவதும் வீண். ஷெட் ட்யூப்லைட்டால் படத்தில் கறுப்புப் பட்டைகள் ஏறி இறங்கின. நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். ஷட்டர் 1/50 அல்லது 1/100 வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. நாங்கள் 1/60-இல் விட்டிருந்தோம். போலீஸ் டிரஸ்ஸுக்கு அலையாதீர்கள், அதைப் போட்டுக்கொண்டு வெளியே நடமாடினால் வேறு வம்பு. கண்டக்டர் சட்டையும் காக்கிதான். முழங்கை வரை மட்டும் ஃப்ரேமில் இருந்தால் போதும், மீதியைப் பார்ப்பவரே போட்டுக்கொள்வார்.

சொட்டுகிற தண்ணீருக்குத்தான் அதிகம் மெனக்கெட்டோம். வெறும் தண்ணீர் கேமராவில் தெரியவே இல்லை. சிவப்பு கலந்தால் ரத்தம் என்று முடிவாகிவிடும், அதற்கப்புறம் கேள்வியே இல்லை. கடைசியில் டீ டிக்காஷனைத் தண்ணியாகக் கலந்து, ஐஸ் கட்டியோடு பைக்குள் வைத்து, அடியில் ஊசியால் ஒரு ஓட்டை போட்டோம். செருப்பு வாரில் விழுந்த முதல் சொட்டு அங்கேயே ஒரு கணம் உருண்டு நின்று, பிறகு விரலுக்கு நடுவில் இறங்கியது. அந்த ஒரு டேக்கைத்தான் வைத்திருக்கிறோம். பார்த்தவர்களில் ஒருத்தர் ரத்தம் என்றார், ஒருத்தர் பாட்டில் உடைந்துவிட்டது என்றார். ஓ.டி.யில் மீன் விற்கும் அக்கா பார்த்தவுடன், "மீன் தண்ணிடா அது, ஐஸு உருகுது" என்றார். மூவர் சொன்னதுமே எங்களுக்கு வேண்டிய பதில்கள்தான்.

சத்தம் பற்றிச் சுருக்கமாக. படம் நாலு விநாடி கறுப்பில் ஆரம்பிக்கும். கண்டக்டர் விசில், "முள்ளோடை எல்லாம் எறங்கு", எஞ்சின் உறுமல், அப்புறம்தான் படம். நிஜ பஸ்ஸில் போனைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துப் பதிவு செய்தது. சூரிய உதயத்தை விட இந்தக் கறுப்புத் திரை ஆளைப் பிடித்தது. ரிங்டோனுக்கு முதலில் ஒரு சினிமாப் பாட்டு வைத்தோம். காப்பிரைட் ஒரு பக்கம், பார்த்தவர்கள் பாட்டைப் பாடவே ஆரம்பித்துவிட்டார்கள். எடுத்துவிட்டு, போனை வைப்ரேட்டில் போட்டு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் மூடி மேல் வைத்து அந்த "ட்ர்ர்ர்" சத்தத்தைச் சேர்த்தோம்.

டைட்டில் தமிழில் வைப்பவர்கள் கவனிக்க: அடோபி பிரீமியரில் எங்கள் "தொகுப்பு" உடைந்து, கொம்பு த-வுக்குப் பின்னால் போய் நின்றது. கிராஃபிக்ஸ் அமைப்பில் தெற்காசிய எழுத்துக்கான தேர்வு ஒன்று இருக்கிறது, அதை மாற்றினால் சரியாகிவிடும். யூனிகோட் ஃபான்ட்டாகப் பாருங்கள். பெயர்களை மொத்தமாக முன்னால் கொட்டாமல், பஸ் ஜன்னலின் இருட்டில் ஒவ்வொன்றாக விட்டோம். இயக்கம் கடைசியில்.

ஆடியன்ஸ் ஃபீட்பேக் என்று சிலபஸில் ஒன்று இருக்கும். எல்லோரும் கூகுள் ஃபார்ம் அனுப்புவார்கள். நாங்களும் அனுப்பினோம். வந்த பதில் எல்லாம் "சூப்பர் ப்ரோ", நெருப்பு எமோஜி. அதை வைத்து ஒரு வரி எழுத முடியாது. பிறகு ஒன்பது பேரைத் தனித்தனியாக உட்கார வைத்துப் போட்டுக் காட்டினோம். அப்போது நான் படத்தைப் பார்க்கவில்லை, ஸ்க்ரீனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் முகத்தைப் பார்த்தேன். கண் எந்த விநாடியில் அவரவர் கையிலிருக்கும் போனுக்குப் போகிறது என்று நோட்டில் குறித்தேன். பழைய வெர்ஷனில் எட்டாவது, ஒன்பதாவது விநாடியிலேயே போனது, சூரியன் பாதிகூட ஏறியிருக்காது. புதியதில் ஒரே இடத்தில் தொய்ந்தது: பையன் பஸ்ஸைச் சுற்றிப் பார்க்கும் ஷாட். ஆறு விநாடியை இரண்டாக்கினோம்.

முடிந்ததும் "பிடிச்சிருக்கா?" என்று கேட்காதீர்கள், நம் ஊரில் யாரும் முகத்துக்கு நேராக இல்லை என்று சொல்ல மாட்டார்கள். "அடுத்து இன்னா ஆவும்?" என்று கேளுங்கள். எல்லோரும் ஒரே பதில் சொன்னால் கதை முன்பே தெரிந்துவிட்டது. யாருக்கும் பதில் இல்லையென்றால் குழப்பியிருக்கிறோம். எங்கள் பெரியம்மாவும் பக்கத்து வீட்டு அண்ணனும் அரை மணி நேரம் சண்டை போட்டார்கள். பெரியம்மா கட்சி: "அது அவன் பைதான், நடிக்கறான்." எழுதிய எனக்கே அப்படி ஒரு வழி தோன்றியிருக்கவில்லை. அந்தச் சண்டையைத் தேதி போட்டு ரெக்கார்டில் எழுதினோம். எக்ஸ்டெர்னல் அதிக நேரம் நின்று படித்த பக்கம் அதுதான்.

வைவாவில் தியரி பெயர்கள் கேட்பார்கள், கேட்காமல் இருக்க மாட்டார்கள். ப்ளம்லர், கட்ஸ் இருவரின் பயன்பாடு, நிறைவு கோட்பாடு (ஆடியன்ஸ் தன் தேவைக்காகவே ஒரு படத்தைத் தேர்ந்தெடுக்கிறது என்பது) போதும், அதையும் உங்கள் ஆடியன்ஸ் சொன்ன வார்த்தையோடு சேர்த்துச் சொல்லுங்கள். "தமிழ்ல உதாரணம்?" என்று ஒரு கேள்வி வந்தது. 1954-இல் வந்த அந்த நாள், வீணை எஸ். பாலசந்தர் இயக்கியது, பாட்டே இல்லாத படம், துப்பாக்கிச் சத்தத்தில் ஆரம்பித்து யார் சுட்டது என்ற கேள்வியோடு போகும் என்றேன். பார்த்துவிட்டுத்தான் சொன்னேன், பார்க்காமல் சொல்லாதீர்கள், அடுத்த கேள்வி காட்சியைப் பற்றித்தான் வரும்.

கடைசியாக ஒன்று. லேப்டாப்பில் அழகாகத் தெரிகிற இருட்டு ப்ரொஜெக்டரில் தெரியாது. தேர்வு நடக்கும் ஹாலில் முந்தின நாளே ஒருமுறை போட்டுப் பாருங்கள். நாங்கள் பார்க்கவில்லை. பகல் பதினொரு மணி, ஹால் ஜன்னலுக்குத் திரை இல்லை, எங்கள் பஸ் வெறும் சாம்பல் நிறமாகத் தெரிந்தது. எக்ஸ்டெர்னல் நல்ல மனிதர், "ஏதாவது பண்ணுங்க" என்றார். மூலையில் கிடந்த பழைய ஃப்ளெக்ஸ் பேனரை எடுத்து எங்களில் இரண்டு பேர் நாற்காலி மேல் ஏறி ஜன்னலை மறைத்துப் பிடித்துக்கொண்டு நின்றார்கள், ஸ்க்ரீனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. அதில் ஒருத்தன்தான் கேமராமேன். அவன் எடுத்த சொட்டு பெரிய திரையில் விழுந்தபோது, "வுழுந்துச்சா, வுழுந்துச்சா" என்று திரும்பாமலே கேட்டுக்கொண்டிருந்தான்.