காது மிஷினை ஒப்பிடும் முன் மோல்டைப் பாருங்கள்

புது காது மிஷின் வாங்கக் கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்தக் கம்பெனி நல்லது?" லேசான குறைபாட்டுக்கு அந்தக் கேள்வி ஓரளவு செல்லும். குறைபாடு 70 டெசிபெலைத் தாண்டிவிட்ட காதுக்கு அது நாலாவது ஐந்தாவது கேள்வி. மோல்டு, அதாவது காதுக்குள் மாட்டும் அச்சு, சரியாக உட்காரவில்லை, காதுக்குள் அளந்து பார்க்காமல் செட்டிங் போட்டிருக்கிறார்கள் என்றால், இரண்டு மிஷினை மாற்றி மாற்றி மாட்டிப் பார்ப்பதில் தெரிய வருவது எந்தப் பொருத்தம் அதிக அரைகுறை என்பதுதான். எந்த மிஷின் நல்லது என்று அதில் தெரியாது.

ஆடியோகிராம் (எந்த ஒலி எந்த அளவில் கேட்கத் தொடங்குகிறது என்று அளந்து வரைந்த தாள்) ஆறு மாதத்துக்கு மேல் பழையது என்றால் புதிதாக எடுங்கள். அதற்கும் முன்னால் காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று பார்த்து எடுத்துவிட வேண்டும். அடைப்போடு எடுத்தால் அளவும் தப்பாகும், மோல்டு அச்சும் தப்பாகும். ஓரிரு நாளில் திடீரென்று கேட்பது குறைந்துபோனவர்கள், ஒரு காதில் மட்டும் குறைந்தவர்கள், சீழ் வடிகிறவர்கள், தலைசுற்றல் உள்ளவர்கள் மிஷினைப் பற்றி யோசிக்கும் முன் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போக வேண்டும். திடீர்க் குறைவு என்றால் அன்றைக்கே.

ஆடியோகிராமில் கோடு எங்கே இறங்குகிறது என்று பார்த்துவிட்டுத் தாளை மடித்து வைத்துவிடுகிறார்கள். இன்னும் இரண்டு எண்கள் வேண்டும். ஒன்று, எந்த அளவில் சத்தம் தாங்க முடியாமல் போகிறது என்பது. 2000 ஹெர்ட்ஸில் 80 டெசிபெலில்தான் கேட்கத் தொடங்குகிறது, 105-ல் காது கூசுகிறது என்றால் கையில் மிச்சம் இருப்பது 25 டெசிபெல். சாதாரணப் பேச்சிலேயே மெல்லிய மெய்யொலிக்கும் உரத்த உயிரொலிக்கும் இடையே ஏறக்குறைய 30 டெசிபெல் வித்தியாசம் உண்டு. அந்த 30-ஐ இந்த 25-க்குள் மடக்கி வைப்பதுதான் மிஷினின் உண்மையான வேலை. வெறுமனே சத்தத்தைக் கூட்டினால் மெல்லியது கேட்பதற்குள் உரத்தது காதைக் குத்தும். "சத்தம் கேக்குது, பேச்சு புரியல" என்ற புலம்பலுக்கு இது பாதிக் காரணம்.

மீதிப் பாதி இரண்டாவது எண்ணில் இருக்கிறது. வசதியான சத்தத்தில், உதட்டைப் பார்க்காமல், சொன்ன சொற்களில் எத்தனை சதவீதத்தைச் சரியாகத் திருப்பிச் சொல்ல முடிகிறது? உள்காது தேய்ந்து இந்த எண் 40-ல் நின்றால், எவ்வளவு விலை கொடுத்த மிஷினும் அதை 90 ஆக்காது. ஆடியாலஜிஸ்டுகளிடம், அதாவது காது கேட்பதைச் சோதித்து மிஷின் பொருத்தும் நிபுணர்களிடம், ஓர் எளிய விதி உண்டு. இரண்டில் நன்றாகக் கேட்கும் காது கேட்கத் தொடங்கும் அளவின் சராசரி 60 டெசிபெல் அல்லது அதற்கு மேல், மிஷின் இல்லாமல் சொல் மதிப்பெண் 60 சதவீதம் அல்லது அதற்குக் கீழ் என்றால், காக்ளியர் இம்பிளாண்ட் (அறுவை செய்து உள்காதில் பொருத்தும் கருவி) சரிப்படுமா என்று பரிசோதிக்க அனுப்பலாம். பரிசோதனைக்குப் போனாலே அறுவைக்கு ஒத்துக்கொண்டதாகாது. ட்ரையல், அதாவது வாங்கும் முன் மிஷினைப் போட்டுப் பார்ப்பது, நடக்கும்போதே இதையும் பார்த்துவிடலாம்.

எந்த வகை மிஷின் என்பதில் நீண்ட யோசனை தேவையில்லை. காதுக்குள் முழுக்க மறைகிற சின்ன மிஷின் இந்த அளவுக்கு ஆகாது. மைக்கும் ஒலி வரும் துளையும் அவ்வளவு பக்கத்தில் இருந்தால் விசில் அடித்தே தீரும். மிஞ்சுவது இரண்டு. ஒன்று, காதுக்குப் பின்னால் உட்கார்ந்து ட்யூப் வழியாக மோல்டுக்கு ஒலி அனுப்பும் பவர் மிஷின். மற்றது, ரிசீவர் என்ற குட்டி ஸ்பீக்கர் மெல்லிய ஒயரின் நுனியில் காதுக்குள்ளேயே இருப்பது. இரண்டாவது வகையிலும் பவர் ரிசீவர் கிடைக்கிறது, பார்க்கவும் சின்னது. ஆனால் விலை கூடின பாகம் அழுக்கும் வியர்வையும் இருக்கிற இடத்தில் போய் உட்கார்கிறது. அதன் வாயில் இருக்கும் வடிகட்டி அடைத்துக்கொண்டால் மிஷின் செத்ததுபோல் ஆகிவிடும். 90 டெசிபெலைத் தாண்டியவர்களுக்குக் காதுக்குப் பின்னால் மாட்டும் பவர் வகையே என் சிபாரிசு. ஃபோனாக்கில் நைடா, ஓட்டிகானில் எக்ஸீட், ரீசவுண்டில் என்ஸோ என்று ஒவ்வொரு கம்பெனியும் இதற்கென்றே ஒரு வரிசை வைத்திருக்கிறது. எதை எடுத்தாலும் உங்கள் ஆடியோகிராம் அந்த மாடலின் வரம்பு விளிம்பில் தொங்கக் கூடாது. கேட்கும் திறன் இன்னும் 10 டெசிபெல் குறைந்தாலும் ஈடுகொடுக்க இடம் இருக்கட்டும்.

இப்போது மோல்டு. ட்ரையலுக்கு என்று ரெடிமேட் ரப்பர் டோமைச் சொருகிக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளாதீர்கள். டோமைச் சுற்றி ஒலி கசியும். கனத்த ஒலி, அதாவது சுருதி தாழ்ந்த ஒலி, வெளியே போய்விடும், கசிந்தது மைக்குக்குத் திரும்பி வந்து விசிலாகும். உங்கள் காதுக்கென்று அச்செடுத்த மோல்டோடுதான் ட்ரையல் தொடங்க வேண்டும். அச்செடுக்கும்போது அடைப்புப் பஞ்சை ஆழமாக, காதுக் குழாயின் இரண்டாவது வளைவுக்கு அப்பால் வைக்கச் சொல்லுங்கள். சிலிக்கோன் இறுகும்வரை வாயைத் திறந்து வைத்திருப்பது நல்லது. தாடை அசையும்போது காதுக் குழாயின் அகலம் மாறும். வாய் மூடி எடுத்த மோல்டு, சாப்பிடும்போதும் பேசும்போதும் கசியும். இறுக்கம் முக்கியம் என்றால் மெத்தென்ற சிலிக்கோன் மோல்டு நன்றாக அடைக்கும். கெட்டியான அக்ரிலிக் துடைக்கவும் மாட்டவும் சுலபம், விரல் நடுங்குகிறவர்களுக்கு அதுவே வசதி. ட்யூப் தடித்த சுவர் உள்ளதாக இருக்கட்டும். மெல்லிய ட்யூபின் சுவர் வழியாகவே ஒலி கசிந்துவிடும்.

விசில் வந்தால் கோளாறு எங்கே என்று வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். மிஷினை ஆன் செய்து கையில் வைத்து, மோல்டின் ஒலித்துளையை விரலால் அழுத்தி மூடுங்கள். காற்றுத்துளை இருந்தால் அதையும் மூடுங்கள். விசில் நின்றால் மிஷினும் ட்யூபும் சரி, மோல்டுதான் காதில் தளர்வாக உட்கார்கிறது. நிற்கவில்லை என்றால் மோல்டையும் ட்யூபையும் கழற்றிவிட்டு, மிஷினின் கொக்கி (காதின் மேல் மாட்டும் வளைந்த பாகம்) நுனியை விரலால் மூடுங்கள். இப்போது நின்றால் ட்யூபில் வெடிப்பு. இன்னமும் விசிலடித்தால் கோளாறு கொக்கியிலோ மிஷினுக்குள்ளேயோ. ட்யூபை மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை, மஞ்சளாகி விறைத்துவிட்டால் உடனே, மாற்றிவிட வேண்டும். ட்யூபில் ஒரே ஒரு துளி நீர் நின்றாலும் ஒலி அடைத்துவிடும். ஊதும் பல்பால் ஊதினால் போதும்.

விசிலை நிறுத்த இன்னொரு குறுக்கு வழி இருக்கிறது. ஆடியாலஜிஸ்ட் கம்ப்யூட்டரில் ஒரு பட்டனை அழுத்தினால் மென்பொருள் தானாகவே உச்ச ஒலிகளின், அதாவது சுருதி கூடின ஒலிகளின், பெருக்கத்தைக் குறைத்துவிடும். விசில் நின்றுவிட்டதே என்று சந்தோஷப்படுவோம். அந்த உச்சப் பகுதியில்தான் ஸ், ஷ் இருக்கின்றன. க், ட், த், ப் ஆகியவற்றைப் பிரித்துக் காட்டும் அடையாளங்களும் பெரும்பாலும் மேல்பகுதியில்தான். காசு, காது, காடு மூன்றும் ஒன்றுபோலக் கேட்கத் தொடங்கும். ஆகவே விசில் போனதும் கேட்க வேண்டியது, "மோல்டை மாற்றினீர்களா, சத்தத்தைக் குறைத்தீர்களா?"

அடுத்தது காதுக்குள் அளப்பது. ஆடியோகிராமைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, கம்பெனி மென்பொருள் தரும் முதல் செட்டிங்கை அப்படியே போட்டு அனுப்புவது பரவலாக நடக்கிறது. மென்பொருள் சராசரிக் காது ஒன்றை வைத்துக் கணக்குப் போடுகிறது. உங்கள் காதுக் குழாயின் நீளமும் அகலமும் அதற்குத் தெரியாது. பெரும்பாலும் உச்ச ஒலிகளில்தான் இது குறைத்துக் கொடுக்கும். முதல் நாளே உறுத்தினால் ஆள் திருப்பிக் கொடுத்துவிடுவார் என்ற பயமும் அதில் கலந்திருக்கிறது. சரியான முறை இதுதான்: மெல்லிய ரப்பர்க் குழாய் ஒன்றைக் காதுக்குள் செவிப்பறைக்கு 5 மில்லிமீட்டர் அருகில்வரை செலுத்தி, அதன் மேல் மோல்டை மாட்டி, எதிரே ஸ்பீக்கரில் பேச்சை ஓடவிட வேண்டும். 55, 65, 75 டெசிபெல் என்று மெல்லிய, சாதாரண, உரத்த பேச்சு மூன்றுக்கும் செவிப்பறையருகே எவ்வளவு வந்து சேர்கிறது என்று திரையில் கோடாகத் தெரியும். எந்தக் குறைபாட்டுக்கு எவ்வளவு ஒலி வேண்டும் என்று கணக்கிட என்ஏஎல், டிஎஸ்எல் என்ற சூத்திரங்கள் இருக்கின்றன; அவற்றில் ஒன்று சொல்லும் இலக்கை அந்தக் கோடு தொடும்வரை செட்டிங்கை நகர்த்துவார்கள். கடைசியில் 85, 90 டெசிபெல் ஒலி கொடுத்து, மிஷினின் உச்ச அளவு நீங்கள் தாங்கக்கூடிய எல்லைக்குள் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு காதுக்கும் அரை மணி, முக்கால் மணி ஆகும். இதைச் செய்யாத இடத்தில் பவர் மிஷின் வாங்குவது, அளவெடுக்காமல் கண்ணாடி மாட்டிக்கொள்வதுபோல.

சில காதுகளில் உச்சப் பகுதி அறவே செத்திருக்கும். அங்கே எவ்வளவு கூட்டினாலும் இரைச்சல்தான் வரும். இதற்காகவே உச்ச ஒலியைக் கீழே இறக்கித் தரும் வசதி இருக்கிறது. உதவும், ஆனால் கொஞ்சமாகத்தான் போட வேண்டும். அளவு மீறினால் "பஸ்" என்றது "பஷ்" என்று கேட்கும். போட்டும் போடாமலும் ஸ், ஷ் இரண்டையும் பிரிக்க முடிகிறதா என்று சோதித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ட்ரையல் நாட்களை எப்படிச் செலவிடுவது? முதல் நாள் வீட்டில் ஒருவர் உங்கள் பின்பக்கம் ஒரு மீட்டரில் நின்று ஆறு ஒலிகளைச் சொல்லட்டும்: ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ். வரிசை மாற்றி, இடைவெளி மாற்றிச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நாமே ஊகித்துவிடுவோம். பிறகு மூன்று மீட்டரில். ம், ஊ விடுபட்டால் கனத்த ஒலி போதவில்லை. ஷ் கேட்டு ஸ் விடுபட்டால் உச்சத்தில் போதவில்லை. ஒவ்வொரு முறை செட்டிங் மாற்றிய பிறகும் இதே சோதனை.

அடுத்து, உங்களுக்கு உண்மையிலேயே முக்கியமான ஐந்து சூழ்நிலைகளை எழுதுங்கள். "வெளியில் கேட்க வேண்டும்" என்று எழுதினால் பிரயோஜனம் இல்லை. "ஃபேன் ஓடும் அறையில் பேத்தி சொல்வது", "வண்டியின் பின்சீட்டில் நான் இருக்கும்போது டிரைவர் பேசுவது" என்று எழுத வேண்டும். ஆடியாலஜிஸ்டிடம் "தெளிவா இல்ல" என்றால் அவரால் எந்தக் குமிழைத் திருப்ப முடியும்? யார் பேசினார், எவ்வளவு தூரம், பக்கத்தில் என்ன சத்தம், சொன்னது என்ன, காதில் விழுந்தது என்ன என்று குறித்துக்கொண்டு போங்கள். பத்து வரி போதும். "பட்டு" என்றது "பத்து" என்று கேட்கிறதா, வேறு எதுவாகவோ கேட்கிறதா என்பதிலேயே எந்தப் பகுதி விடுபடுகிறது என்று அவருக்குப் புரிந்துவிடும்.

சொந்தக் குரல் பானைக்குள் பேசுவதுபோல் இருந்தால், மிஷினை அணைத்துவிட்டு மோல்டைக் காதிலேயே வைத்துப் பேசிப் பாருங்கள். அப்போதும் அப்படியே இருந்தால் காரணம் மோல்டு. நீளத்தையோ காற்றுத்துளையையோ மாற்ற வேண்டும். அணைத்ததும் போய்விட்டால் கனத்த ஒலிக்குக் கொடுத்த பெருக்கம் அதிகம்.

பழைய மிஷினில் பத்து வருடம் பழகியவர்களுக்குப் புதியது முதல் வாரம் "சத்தமே போதல" என்றுதான் தோன்றும். பழைய மிஷின்களில் பல எல்லாவற்றையும் ஏறக்குறைய ஒரே அளவில் கூட்டின, புதியது உரத்ததை அடக்குகிறது. காலையில் பழையது, மாலையில் புதியது என்று மாற்றினால் காது எதற்குமே பழகாது. புதியதை ஒரு நாளைக்கு 8 மணி நேரத்துக்குக் குறையாமல், இரண்டு மூன்று வாரம் போட்டுவிட்டு மதிப்பிடுங்கள். எத்தனை மணி நேரம் போட்டீர்கள் என்பது மிஷினிலேயே பதிவாகும், ஆடியாலஜிஸ்டுக்குத் தெரிந்துவிடும். இரண்டு மாடல்களை ஒப்பிடுவதென்றால் அதே மோல்டு, அதே இலக்கு, அதே ஐந்து சூழ்நிலை. ஒரே நாளில் மூன்று செட்டிங்கை மாற்றாதீர்கள். எது உதவியது என்று பிறகு தெரியாது.

இரைச்சலில் கேட்பதற்கு மிஷின் ஓரளவுதான் துணை நிற்கும். அதன் திசை மைக் முன்னால் இருப்பவரைத் தூக்கிக் கொடுத்துப் பின்னால் வருவதை அடக்கும். ஆகவே சத்தத்துக்கு முதுகைக் காட்டி உட்காருங்கள். தூரம் பாதியானால் திறந்த வெளியில் பேச்சு 6 டெசிபெல் கூடும். எந்தச் சிப்பும் அவ்வளவு சுலபமாகத் தராத லாபம் அது. பேசுகிறவரின் சட்டையில் குத்தும் தனி மைக்கும் இதே தத்துவம்தான். கடும் குறைபாடு உள்ளவர்கள், விலை கூடின மாடலுக்கும் ஒரு படி கீழான மாடலோடு தனி மைக்குக்கும் இடையே தேர்ந்தெடுக்க வேண்டி வந்தால் இரண்டாவதை எடுக்கலாம். பெரும்பாலும் ஒரே வரிசையின் எல்லா விலை மாடலிலும் பவர் ஒன்றேதான். கூடுதல் பணம் தானியங்கி வசதிகளுக்குப் போகிறது.

புளூடூத் உங்கள் ஃபோனோடு சேர்கிறதா என்பதில் கடைக்காரர் வாய்வார்த்தையை நம்பாமல் அங்கேயே அழைத்துப் பேசிப் பாருங்கள். சில மிஷின்கள் சில ஃபோன்களோடு மட்டுமே நேரடியாகச் சேரும். டெலிகாயில் (ஃபோனின் ஒலியையோ அரங்கின் ஒலியையோ காந்த அலையாக நேரே வாங்கும் சுருள்) இருக்கிறதா, இருந்தால் அதற்கான புரோகிராமைப் போட்டுத் தந்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். உள்ளே இருந்தும் திறந்துவிடப்படாமலே கிடக்கும் வசதி அது. பேட்டரி போடும் வகையில், 675 என்ற அளவு பேட்டரிக்கு நீல ஸ்டிக்கர், 13-க்கு ஆரஞ்சு. ஸ்டிக்கரை உரித்து ஓரிரு நிமிடம் காற்றுபட விட்டுப் போட வேண்டும். உரித்ததைத் திரும்ப ஒட்டினாலும் தேய்மானம் நிற்காது. சார்ஜ் வகை விரலுக்கு வசதி, ஆனால் நாள் முழுக்க ஃபோன் பேசியும் இரவுவரை தாங்குகிறதா என்று ட்ரையலிலேயே பார்த்துவிடுங்கள்.

பணம் கட்டும் முன் எழுத்தில் வாங்க வேண்டியவை: ட்ரையல் எத்தனை நாள், திருப்பினால் எவ்வளவு பிடிப்பார்கள், மோல்டு தளர்ந்தால் எத்தனை நாள்வரை இலவசமாக மாற்றித் தருவார்கள், ரிப்பேருக்குப் போனால் தற்காலிக மிஷின் உண்டா. மென்பொருள் பூட்டப்பட்டதா என்பதை மறக்காதீர்கள். பூட்டிய மிஷினை அந்தக் கடைக்காரர்களைத் தவிர வேறு யாராலும் சரிசெய்ய முடியாது. காதுக்குள் அளந்த கோடுகளையும் கடைசி செட்டிங்கையும் தாளில் எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

பழைய மிஷினைக் கொடுத்துவிடாதீர்கள். புது மோல்டின் ட்யூப் அதன் கொக்கியிலும் ஏறுகிறதா என்று பாருங்கள், பேட்டரியைக் கழற்றிவிட்டு சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள். புதியது ரிப்பேருக்குப் போகும் வாரத்தில் அதுதான் காது.