மண்ணின் சூட்டில் வெந்தவை

நெடுந்தூரம் பறந்து சென்று பார்த்த ஊர்களில் உயர்ந்த கோபுரங்களும் புகழ்பெற்ற சதுக்கங்களும் என் நினைவில் மெல்ல மங்கி வருகின்றன. மங்காமல் நிற்பவை, அந்த நிலமே சமைத்துக் கொடுத்த உணவை நாங்கள் உண்ட இடங்கள்தாம். மண்ணுக்கடியில் கனன்றுகொண்டிருக்கும் வெப்பத்தையே அடுப்பாகக் கொண்டு தலைமுறை தலைமுறையாகச் சமைத்து வரும் மக்கள் உலகின் சில பகுதிகளில் இருக்கிறார்கள். சிங்கப்பூரில் பள்ளி விடுமுறை விடும்போதெல்லாம் கணவர், மகள், அத்தை ஆகியோருடன் மேற்கொண்ட பயணங்களில் அப்படிப்பட்ட சில ஊர்களைக் காணும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. எரிமலை நிலத்தைத் தொலைவில் நின்று படம் பிடிப்பது வேறு, அதன் சூட்டில் வெந்ததை வாயில் இட்டுச் சுவைப்பது வேறு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இவற்றுள் எனக்கு மிகவும் நெருக்கமானது அசோர்ஸ். போர்ச்சுகலுக்குச் சொந்தமான இந்த ஒன்பது தீவுகள், லிஸ்பன் நகருக்கு மேற்கே 1,400 கிலோமீட்டருக்கும் அப்பால், அட்லாண்டிக் பெருங்கடலின் நடுவில் சிதறிக் கிடக்கின்றன. சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து நேரடி விமானம் இல்லாததால் இரண்டு இடங்களில் மாறித்தான் சாவ் மிகேல் தீவை அடைந்தோம். வயல்களுக்கு வேலியாக நட்டிருந்த ஹைட்ரேஞ்சியாச் செடிகள் நீலப் பூக்களுடன் மலையடிவாரம் வரை நீண்டிருந்ததைக் கண்டதும் பயணக் களைப்பு மறந்துபோயிற்று.

அத்தீவில் உள்ள ஃபர்னாஸ் ஏரி, எரிமலை வாயொன்றின் உள்ளே அமைந்தது. அந்த எரிமலை கடைசியாக வெடித்தது 1630இல் என்றாலும், ஏரிக்கரை மண்ணிலிருந்து இன்றும் ஆவி எழுந்துகொண்டே இருக்கிறது. கரையில் தோண்டப்பட்ட குழிகளுக்குள் உணவகத்தார் விடியற்காலையில் பெரிய பானைகளை இறக்கி, மூடி போட்டு, மேலே மண்ணைக் குவித்துவிட்டுச் செல்கிறார்கள். மாட்டிறைச்சி, பன்றியிறைச்சி, கோழி, தொத்திறைச்சி ஆகியவற்றுடன் முட்டைக்கோசு, கேரட், உருளைக்கிழங்கு, சேப்பங்கிழங்கு எல்லாம் அடுக்கப்பட்ட அந்தப் பானையில் தண்ணீர் ஊற்றுவதில்லை; ஏறத்தாழ ஆறு மணி நேரம் தம் சாற்றிலேயே அவை வேகின்றன. நண்பகலில் இரண்டு ஆட்கள் மண்வெட்டியால் குவியலை விலக்கி, நீண்ட கொக்கிகளால் பானையை மேலே தூக்கியபோது கந்தக நெடியுடன் வெண்ணிற ஆவி எங்கள் முகத்தில் வந்து மோதியது. கொசீடோ என்று அவர்கள் அழைக்கும் அந்த உணவைச் சற்று நேரத்தில் ஊருக்குள் இருந்த உணவகத்தில் பரிமாறினார்கள். இறைச்சி நன்றாகவே இருந்தது. ஆயினும் என் நாவில் இன்றும் தங்கியிருப்பது அந்தச் சேப்பங்கிழங்குதான். ஃபர்னாஸில் அக்கிழங்கை வெந்நீர் ஓடைகள் பாயும் வயல்களில் விளைவிக்கிறார்கள். ஆக, விளைந்ததும் வெந்ததும் ஒரே சூட்டில்! குழைந்துபோகாமல், வழவழப்பும் இல்லாமல், மாவாய்க் கரைந்த அந்தக் கிழங்குக்கு ஈடானதை நான் வேறெங்கும் உண்டதில்லை.

சைவ உணவு மட்டுமே உண்ணும் அத்தைக்கு அந்தப் பானை ஆகாது. ஆனால், ஊருக்குள் கொதித்துக்கொண்டிருக்கும் ஊற்றுகளில் சாக்குப் பையோடு இறக்கி வேகவைத்த மக்காச்சோளத்தை விற்கிறார்கள். அதை விரும்பி வாங்கி உண்ட அத்தை, உப்பு சேர்க்காமலே உப்புச் சுவை இருப்பதாகச் சொன்னார். ஊற்று நீரின் தாதுச் சுவை அது. மறுநாள் வடக்குக் கரையில் உள்ள கொரியானா தேயிலைத் தோட்டத்திற்குச் சென்றோம். நோய் தாக்கித் தீவின் ஆரஞ்சு வணிகம் சரிந்த காலத்தில் மாற்றுப் பயிராகத் தேயிலையை முயன்று பார்த்தார்கள். அதைப் பக்குவப்படுத்தும் முறையைக் கற்றுக்கொடுக்க 1878இல் சீனக் கடற்கரையில் உள்ள மக்காவ் (Macau) நகரிலிருந்து இரண்டு சீனர்கள் வரவழைக்கப்பட்டார்கள். 1883 முதல் இயங்கிவரும் இந்தத் தோட்டத்தில், கடலை நோக்கிச் சரியும் தேயிலை வரிசைகளைப் பார்த்தவாறு தேநீர் அருந்தலாம். தீவின் இன்னொரு பெருமை அன்னாசி. கண்ணாடிக் கூடங்களுக்குள் வளர்த்து, புகையிட்டு ஒரே சமயத்தில் பூக்கச் செய்கிறார்கள். பழம் கைக்கு வர ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. ஒரு காலத்தில் நம் சிங்கப்பூரின் யீஷூன், செம்பவாங் வட்டாரத்தில் வெட்டவெளியில் எளிதாக விளைந்த பழம், அங்கே இத்தனை பராமரிப்பைக் கேட்கிறது.

நியூசிலாந்தின் ரோட்டோருவாவுக்கு நாங்கள் சென்றது ஜூன் மாதத்தில். ஆக்லாந்து விமான நிலையத்தில், தேக்காவில் வாங்கிய பருப்புப்பொடி முதல் ஊறுகாய் வரை அனைத்தையும் படிவத்தில் குறிப்பிட்டோம். அதிகாரிகள் பார்த்துவிட்டு அனுமதித்தார்கள். அறிவிக்காமல் கொண்டு சென்றால் அபராதம் உண்டு என்பதை நம் ஊரிலிருந்து செல்வோர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அங்கு ஜூன் குளிர்காலம் என்பதால் ஊரெங்கும் எழும் ஆவி இன்னும் அடர்த்தியாகத் தெரிந்தது. நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மவோரி மக்கள் வாழும் ஃபகரெவரெவா என்னும் கிராமத்தில் வீடுகளுக்கு இடையிலேயே வெந்நீர்க் குளங்கள் கொதிக்கின்றன. கிராமத்தார் காலையில் மரப்பெட்டி ஒன்றில் உணவை வைத்து ஆவித்துளையின் மேல் மூடிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கப் போகிறார்கள். சர்க்கரைவள்ளிக்கிழங்கும் பரங்கிக்காயும் அத்தைக்குத் தனித் தட்டில் வந்தன. "எரிவாயுக் கட்டணமே இல்லையா, பாட்டி?" என்று மகள் வியந்து கேட்டாள். "கட்டணம் இல்லை, ஆனால் இந்த நிலத்துக்குப் பயந்து நடக்க வேண்டும், கண்ணு" என்றார் அத்தை.

அவர் சொன்னது முற்றிலும் உண்மை. 1886 ஜூன் 10ஆம் தேதி அருகிலுள்ள தரவேரா எரிமலை வெடித்தபோது நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். உலக அதிசயம் என்று போற்றப்பட்ட இளஞ்சிவப்பு, வெண்ணிறப் படிக்கட்டுப் பாறைகளும் மறைந்தன. அங்கு வழிகாட்டியாக இருந்த சோஃபியா ஹினெராங்கி என்ற பெண்மணியின் உறுதியான வீட்டுக்குள் தஞ்சம் புகுந்த 60க்கும் மேற்பட்டோர் உயிர் பிழைத்தார்கள். வீடிழந்த தூஹோராங்கி என்னும் மவோரி இனக்குழு மக்களுக்கு ஃபகரெவரெவா அடைக்கலம் கொடுத்தது. சோஃபியாவும் அங்கே வந்து வழிகாட்டியாகத் தொடர்ந்தார். இன்று நம்மை அழைத்துச் சென்று காட்டுபவர்களும் அக்கிராமத்தில் வாழ்பவர்களே. நிலத்தடி வெப்பத்தை ஊரார் ஆழ்துளைக் கிணறுகள் வழியே அளவின்றி உறிஞ்சியதால் பீச்சியடிக்கும் ஊற்றுகள் தளர்ந்துபோக, 1980களில் போஹூட்டு ஊற்றைச் சுற்றி 1.5 கிலோமீட்டருக்குள் இருந்த கிணறுகளை அரசாங்கம் மூடியது. அதன் பிறகுதான் ஊற்றுகள் மீண்டும் வலுப்பெற்றன. 30 மீட்டர் வரை எழக்கூடிய போஹூட்டுவை இன்று நாம் பார்ப்பது அந்தக் கட்டுப்பாட்டின் பயன்.

ஐஸ்லாந்தில் டிசம்பர் மாதப் பகல் நான்கைந்து மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. அந்தச் சிறு பொழுதில் லெய்கர்வத்ன் ஏரிக்கரைக் கருமணலில், கோதுமையை ஒத்த தானியமான ரையின் மாவைப் பாலும் சர்க்கரையும் சேர்த்துப் பிசைந்து பானையில் அடைத்துப் புதைப்பதைக் கண்டோம். 24 மணி நேரம் கழித்துத் தோண்டி எடுக்கப்படும் அந்த ரொட்டிக்குக் கடினமான மேலோடு கிடையாது. கரும்பழுப்பு நிறத்தில் ஈரப்பதமாகவும் இனிப்பாகவும் இருக்கிறது. சூடான துண்டின் மேல் வெண்ணெயைத் தடவி அத்தை ரசித்து உண்டார்; நாங்கள் புகையூட்டிய மீனுடன் உண்டோம். கி.பி. 1000ஆம் ஆண்டளவில் நாட்டு மன்றம் கிறிஸ்தவத்தை ஏற்றபோது, குளிர்ந்த நீரில் இறங்க மனமில்லாதவர்கள் இங்குள்ள வெந்நீரில்தான் திருமுழுக்குப் பெற்றார்களாம். அருகிலுள்ள பசுமைக்கூடம் ஒன்றில் பனிக்கு நடுவே பழுத்துத் தொங்கிய தக்காளிகளின் இடையே அமர்ந்து சூப் குடித்ததும் நல்ல அனுபவமே.

இவற்றையெல்லாம் பார்த்தபின், 2020 ஜனவரியில் புதுப்பித்துத் திறக்கப்பட்ட நம் செம்பவாங் வெந்நீரூற்றுப் பூங்காவை நான் கூடுதல் மதிப்போடு பார்க்கிறேன். இங்கே எரிமலை இல்லை. ஆழத்தில் இறங்கும் நீர் சூடேறி, பாறைப் பிளவுகள் வழியாக ஏறத்தாழ 70 டிகிரி செல்சியஸில் மேலே வருகிறது. கொதிநிலை இல்லாவிட்டாலும் முட்டை வேகிறது. வார இறுதிகளில் தமிழரும் சீனரும் மலாய்க்காரரும் முட்டைகளுடன் கூடும் அந்தக் காட்சியை, வெளிநாட்டு விருந்தினர்களுக்கு நான் கட்டாயம் காட்டுகிறேன்.

அடுத்த விடுமுறைக்கு ஜப்பானின் பெப்பு நகரைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். கன்னாவா வட்டாரத்தில், ஊற்றாவி எழும் தொட்டிகளை வாடகைக்குக் கொடுக்கிறார்கள்; நாம் கொண்டுசெல்லும் பொருள்களையே அதில் வேகவைத்துக்கொள்ளலாம். இதைக் கேட்ட நாள் முதல் அத்தை இட்லித் தட்டை எடுத்து வைத்திருக்கிறார். அரிசியையும் உளுந்தையும் பொடியாகக் கொண்டுபோய் முந்தின இரவே கரைத்து வைப்பது அவரது திட்டம். டிசம்பர் குளிரில் மாவு புளிக்குமா என்பதைத்தான் அவரும் மகளும் இப்போது பேசிக்கொண்டிருக்கிறார்கள்.