சம்ப்பில் நான்கு அங்குலம்

மே 3, சனி

18ஆம் தேதி பிள்ளைகளின் தண்ணீர் விளையாட்டுக்கு மொட்டைமாடி வேண்டாம். 15 செ.மீ. தண்ணீர் நின்றாலே சதுர மீட்டருக்கு 150 கிலோ. ஆள் நடமாடும் மாடிக்கு ஐ.எஸ். 875 (கட்டடம் தாங்க வேண்டிய பாரத்துக்கான இந்தியத் தர விதி) வைத்திருக்கும் கணக்கும் அதேதான். அதற்கு மேல் பதினெட்டுப் பிள்ளைகள் குதிக்கும். போதாததற்கு மாடிக் குழாயில் வேகமே கிடையாது, டேங்க் ஆறடி மேலேதான் இருக்கிறது. கீழே பின்பக்கம் என்றால் மூன்று மாடி உயரத்திலிருந்து இறங்குகிற தண்ணீர், வேப்பமர நிழல் வேறு.

சம்ப்பில் (தரையடித் தொட்டி) தண்ணீர் 3 அடி 1 அங்குலம்.

மே 4, ஞாயிறு

கத்திரி ஆரம்பம். சம்ப் 2 அடி 10.

மே 6, செவ்வாய்

"2019 மறந்துபோச்சா சார்?" என்று குடியிருப்போர் கூட்டத்தில் ஒரு கேள்வி. நியாயமான கேள்விதான். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்த ஊர் இது. அதனால் பதிலை லிட்டரில் சொல்ல வேண்டியதாயிற்று.

சம்ப் 10 அடிக்கு 6 அடி. ஒரு அங்குலம் இறங்கினால் 140 லிட்டர். ஐந்தடி அகல ஊதல் தொட்டியில் 15 செ.மீ. நிரப்ப 265. பூவாளிக் குழாய்க்கு 170. ஸ்பாஞ்சு விளையாட்டுக்கு நான்கு வாளி, 60. கால் கழுவ 40. ஆக 535, நான்கு அங்குலத்துக்கும் கொஞ்சம் குறைவு. தொட்டித் தண்ணீர் முழுக்கத் தென்னைகளுக்கும் வேம்புக்கும். சோப்புத் தண்ணீர் மட்டும் சாக்கடைக்கு.

நிபந்தனை போட்டார்கள்: 17 ராத்திரி சம்ப் மூன்றடிக்குக் கீழே என்றால் ரத்து.

மே 7, புதன்

2 அடி 7.

மே 8, வியாழன்

பூவாளிக் குழாய் சொதப்பல். அரை அங்குல பி.வி.சி. பைப், பத்தடி நீளம். ஐந்து செ.மீ.க்கு ஒன்றாக 2 மி.மீ. ஓட்டை, அறுபது. திறந்தால் முழங்கால் உயரத்துக்குக்கூட வரவில்லை, அழுகிற மாதிரி வடிகிறது. குழாய் தருவது மாறாத அளவு (20 லிட்டர் வாளி 70 விநாடியில் நிரம்புகிறது). ஓட்டையை இரட்டித்தால் பீச்சும் வேகம் பாதி, ஏறும் உயரம் கால். ஒன்று விட்டு ஒன்றை அடைத்து முப்பதாக்கினதும் நெஞ்சளவு எழுந்தது. அடைக்க இன்சுலேஷன் டேப் உதவாது, ஈரத்தில் உரிந்து வரும். எம்-சீல்தான், ஒரு ராத்திரி காய விட்டு.

முனை மூடியைச் சொல்யூஷன் போட்டு ஒட்டக் கூடாது. மரை மூடி, டெஃப்லான் டேப். டேங்க் அடியில் கிடக்கும் செதில் வந்து ஓட்டையை அடைக்கும்போது மூடியைக் கழற்றி ஒரு நிமிஷம் ஓட விட்டால் போய்விடும். ஓட்டைகள் நேராக மேலே பார்க்காமல் கொஞ்சம் சாய்ந்திருக்கட்டும், குனிகிற குழந்தையின் கண்ணில் அடிக்காது.

ஐந்து நிமிஷம், இரண்டு தவணை. அதற்கு மேல் ஒரு நிமிஷம்கூடக் கிடையாது.

மே 10, சனி

நேரம் மாற்றம். சாயங்காலம் நாலரை என்று எழுதியிருந்ததை அடித்தாச்சு. வெயில் பட்ட டேங்க்கிலிருந்து அந்நேரம் வருவது வெந்நீர். காலை ஏழிலிருந்து ஒன்பது.

சம்ப் 2 அடி 4. லாரிக்குப் பதிவு செய்தாச்சு.

மே 11, ஞாயிறு

தண்ணீர் பலூன் கிடையாது. கட்டுவதற்கு ஆள் வேண்டும், நிரப்பினதில் எத்தனையோ கையிலேயே உடையும், வெடித்த ரப்பர் துண்டு தவழ்கிற குழந்தையின் தொண்டைக்குப் போகும், மிச்சம் ஜல்லடையை அடைக்கும். பதிலாக ஸ்பாஞ்சுப் பந்து. பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சு மூன்று (பச்சை நார் ஒட்டாதது, அது முகத்தைக் கீறும்), ஒவ்வொன்றையும் நீளவாக்கில் மூன்றாக வெட்டி, ஒன்பதையும் அடுக்கி, நடுவில் நைலான் நூலால் இறுக்கினால் பந்தாக விரியும். சணல் போடாதே. பந்து மறுபடி வாளிக்கே போகிறது, தண்ணீரும் பாதிக்கு மேல் திரும்புகிறது. இருபது போதும்.

மே 12, திங்கள்

லாரி வரவில்லை.

மே 13, செவ்வாய்

லாரி வரவில்லை. சம்ப் 1 அடி 11. அடியில் சகதி தெரிகிறது. இந்த லட்சணத்தில் சோப்புக் குமிழிக்குக் கிளிசரின் வாங்கப் போவதே அபத்தம்.

வாங்கியாச்சு. பாத்திரம் கழுவும் திரவம் 100 மி.லி., தண்ணீர் 600, கிளிசரின் இரண்டு ஸ்பூன். போர் தண்ணீரில் குமிழி நிற்காது, உப்பு அதிகம். கேன் தண்ணீர் ஊற்றணும். நுரைக்காமல் கலக்கி ஒரு ராத்திரி மூடி வைக்கணும்.

மே 14, புதன்

ராத்திரி 11.20க்கு லாரி. 9,000 லிட்டர். விட்ட பைப்பின் வாய் சம்ப்பின் ஓரத்தில் இடித்து இடித்துத் துள்ளிக்கொண்டே இருந்தது, யாரோ செருப்புக் காலால் மிதித்துக்கொண்டு நின்றார்கள். இறங்கி முடிந்ததும் கோல் விட்டுப் பார்த்தால் 6 அடி 10.

மே 15, வியாழன்

5 அடி 9. ஒரே நாளில் பதிமூன்று அங்குலமா! எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் துணி துவைத்திருக்கிறார்கள்.

மே 16, வெள்ளி

இரண்டாவது மாடிச் சின்னவனுக்கு அம்மை. பதினேழு பேர். அவனோடு இந்த வாரம் விளையாடினவர்கள் யார் யார் என்று வீடு வீடாகக் கேட்கணும், கொப்புளம் தெரிவதற்கு முன்பே ஒட்டும்.

காவல் முறை: தொட்டிக்கு ஒரு பெரியவர், பத்து நிமிஷம், கையில் போன் இல்லாமல், அடுத்தவர் வந்து நின்ற பிறகுதான் நகரணும். மூழ்குகிற குழந்தை கத்தாது. கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே நிற்கிற தண்ணீரும் போதும். எல்லாரும் பார்க்கிறார்கள் என்றால் யாரும் பார்க்கவில்லை.

பாட்டுப் பெட்டி பேட்டரியில் மட்டும். எக்ஸ்டென்ஷன் போர்டு வெளியே வரக் கூடாது. மோட்டார் சுவிட்சுக்கு முன்னால் இருக்கும் ஆர்.சி.சி.பி.யில் (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) டெஸ்ட் பொத்தானை அழுத்தினால் விழவில்லை. எலக்ட்ரீஷியன் அண்ணனுக்குச் சொல்லியாச்சு.

4 அடி 5.

மே 17, சனி

புது ஆர்.சி.சி.பி. மாட்டியாச்சு, 30 மில்லி ஆம்பியர். இரண்டு தடவை அழுத்தி இரண்டு தடவையும் விழுந்தது.

பிளீச்சிங் பவுடர் 20 கிராம் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, தெளிய விட்டு, மேல் தண்ணீர் மட்டும் 100 மி.லி. தொட்டிக்கு. முக்கால் மணி முன்னால். அடியில் தங்கின சுண்ணாம்பைச் சேர்த்து ஊற்றினால் கண் எரியும். பாக்கெட் புதுசாக இருக்கணும், பழசுக்கு வீரியம் கிடையாது.

நீர்மோர்: தயிர் இரண்டு லிட்டர், தண்ணீர் ஏழு. பச்சை மிளகாய் வேண்டாம், இஞ்சி தட்டிப் போட்டு வடிகட்டணும். தர்பூசணி இரண்டு. வறுத்தது எதுவும் ஆட்டம் முடிகிற வரை கண்ணில் படக் கூடாது.

காகிதக் கப்பலுக்கு நியூஸ் பேப்பர் ஊறிப் போய்விடுகிறது. வழவழப்பான மாதக் காலண்டர் தாள், அடியில் மெழுகு தேய்த்தால் ரொம்ப நேரம் மிதக்கிறது. தென்னம்பாளை இரண்டு கிடைத்தது, அதற்குத்தான் சண்டை வரும்.

ராத்திரி 10.15. சம்ப் 3 அடி 2.

மே 18, ஞாயிறு

5.40. 3 அடி 1. மோட்டார் போட்டாச்சு.

6.05. பழைய பேனரை நாலாக மடித்து விரித்து அதன் மேல் தொட்டி. தண்ணீர் ஒரு விரல் நின்றதும் வலது ஓரம் உயருகிறது. அடியில் ஏதோ குச்சி. நிரம்பிவிட்டால் நகர்த்த முடியாது, இப்பவே தூக்கணும்.